உச்சிச் சரிவு

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மலையில் போன் சிக்னல் கிடைக்காததால் உன்னைத் திட்டக்கூட ஒரு தாள் வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய காப்பிக்கொட்டையில் பாதி பொக்கு. என் காப்பிக்கடையில் ஓரமேஜை வாத்தியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, வெந்நீருக்குக் காப்பியக் காட்டிட்டு எடுத்துட்டியா?" என்றார். சிரித்து மழுப்பினேன். இப்போது அவர் எதிர்க்கடைக்குப் போகிறார். என்னடா ஆச்சு?

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பூவுக்கான மழை போன வருஷம் இரண்டு மாசம் முந்திக்கொண்டது. பூத்ததையெல்லாம் வெயில் கருக்கியது. மிஞ்சிய காயை வண்டு துளைத்தது. இந்த வருஷமும் அதே கதை. முன்பெல்லாம் குளிருக்குப் பயந்து அந்த வண்டு இவ்வளவு உயரம் ஏறாது. இப்போது உச்சிச் சரிவில்தான் கொஞ்சம் குளிர் இருக்கிறது. அங்கே மரங்களை வெட்டிக் காப்பிக் கன்று நடலாமா என்று யோசனை. தோட்டத்து மேஸ்திரி கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறார். "அந்த மரந்தான் மண்ணப் புடிச்சிட்டிருக்கு தம்பி. அதுக்குக் கீழதான் நாங்க குடியிருக்கோம்." நீ என்ன சொல்கிறாய்?

தம்பி

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

மேஸ்திரி எதற்குத்தான் சரி என்றார்? இங்கே இரண்டு பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். மேஜைகள் காலியாகக் கிடக்கின்றன. யோசித்துக்கொண்டே இருந்தால் தோட்டமும் போகும், கடையும் போகும். வெட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

பதினொன்றாம் தேதி ஒரு மாசத்து மழை ஒரே பகலில் கொட்டியது. மத்தியானம் மூன்று மணிக்கு உச்சிச் சரிவு புதுக் கன்றுகளோடு அப்படியே இறங்கிவிட்டது. மேஸ்திரி, அவர் மனைவி, களையெடுக்கும் பெண்கள் நான்கு பேர். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மழையில் நனைய வேண்டாம் என்று அன்றைக்கு வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியவன் நான்தான்.

ஐந்து பேரின் உடலை எடுத்துவிட்டோம். மேஸ்திரியின் மனைவியை இன்னும் தேடுகிறோம். வெளியூரில் கட்டிக்கொடுத்த அவர் மகள் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரும்மா" என்றேன்.

போலீஸ் விசாரிக்கிறது. உன் கடிதத்தை நான் காட்டவில்லை. வெட்டியது என் கைதான். இனி நீ எழுத வேண்டாம்.

செப்டம்பர் 30

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது மூன்றாவது.

கடையைச் சாத்திவிட்டேன். மலைப்பாதையைத் திறந்துவிட்டார்களாம். திங்கட்கிழமை, உன்னை விசாரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வெட்டு என்று எழுதியவள் நான் என்று என் வாயாலேயே சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு மேஸ்திரி மகளைப் பார்க்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நீ என்னோடு பேச வேண்டாம். ஸ்டேஷன் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார மட்டும் விடு.

அக்கா