ஒப்புதல் பெறப்பட்டது

5, திங்கள்

ஆடிக் காற்று. கிளைக்குள் நுழைவதற்குள் முந்தானை முழுக்கப் பஞ்சுத் தூசி. பக்கத்து நிட்டிங் ஷெட்டில் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். ஏ.சி. பாதிதான் வேலை செய்கிறது, அதாவது மேனேஜர் அறையில் மட்டும்.

நகைக் கடன் புதுப்பிப்பு மூன்று. கேஸ் சிலிண்டர் புக் செய்ய. மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து.

பதினொரு மணிக்குச் சகாயமேரி வந்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் இறந்த பிறகு எங்களிடம் கடன் வாங்கி இரண்டு அறை வீடு ஒன்று கட்டினார். அந்தக் கோப்பைத் தயார் செய்தவள் நான்தான். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. மகளின் கல்லூரியில் கேட்கிறார்கள் என்று கடன் கணக்கு நகல் வாங்க வந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், கடைசி வருசத்தத் தப்பா அடிச்சிருக்கிய."

பார்த்தேன். தப்பில்லை. அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் முடிய வேண்டிய கடன் அறுபத்திரண்டைத் தாண்டிப் போகிறது.

"மாசாமாசம் அதே பணந்தான கட்டுதேன்? பெறகு எப்படி நாலரை வருசம் வளந்துச்சு?"

நடுவில் வட்டி ஏறியது, தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டியிருக்கிறார்கள் என்றேன். 'நீட்டியிருக்கிறார்கள்' என்றுதான் வாயில் வந்தது.

"அறுபத்திரண்டு வரைக்கும் எங்கண்ணு நூல் கோக்குமா மேடம்?" சிரித்தபடிதான் கேட்டார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன், பார்த்து வைக்கிறேன் என்று.

கேஸ் புக் செய்ய மறந்தேன்.

6, செவ்வாய்

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ம.வ. சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். (மத்திய வங்கியை நான் இப்படித்தான் எழுதுவது.) முன்பே படித்ததுதான். இந்த முறை நிதானமாக.

சொல்வது எளிது. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறினால், கடன்காரரைக் கேட்க வேண்டும். தவணையைக் கூட்டலாமா, காலத்தை நீட்டலாமா, இரண்டிலும் கொஞ்சமா, நிலையான வட்டிக்கு மாறுகிறாரா. முடிவு அவருடையது. வட்டியை ஏற்றும் அதிகாரம் மும்பையில் இருக்கும் ம.வ.வுக்கு. எப்படித் தாங்குவது என்று சொல்லும் உரிமை சகாயமேரிக்கு. இடையில் கேட்கிற வேலை ஒன்றுதான் எங்களுக்கு.

அவர் கணக்கைத் திறந்தேன். 'வாடிக்கையாளர் ஒப்புதல் பெறப்பட்டது.' பச்சை டிக். கீழே பயனர் எண். என்னுடையது.

உடனே நினைவு வந்தது. மார்ச் கடைசி. பழைய மேனேஜர், இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். "இன்ஸ்பெக்சன் வருதுங்க மேடம், எல்லாத்துக்கும் டிக் போட்டு உடுங்க." நூற்று நாற்பத்து மூன்று கணக்கு. முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். ஒருவரையும் கூப்பிடவில்லை. அன்று மனசில் ஒன்றும் உறுத்தவில்லை என்பதுதான் இன்று உறுத்துகிறது.

கேஸ் புக் செய்தாயிற்று. சொட்டு மருந்து நாளை.

8, வியாழன்

காலை பத்து மணி. ம.வ.வின் ரெப்போ வட்டி அறிவிப்பு. கவுண்டருக்கு மேல் இருக்கும் டிவியில். வட்டியில் மாற்றம் இல்லை.

எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் ஒருவர், சட்டைப் பையில் மூன்று பேனா, "இந்த வாட்டியாவது குறைப்பாங்கன்னு பாத்தேனுங்க" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பின்னால் வரிசையில், "பைசா ஆயா க்யா?" என்று ஒரு வடக்கத்திப் பையன், அனுப்பிய பணம் வந்ததா என, போனில் ஊருக்குக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ரெப்போ பற்றி எந்தக் கவலையும் இல்லை.

கூட்டம் வடிந்ததும் தங்கவேல் சாரிடம், இப்போதைய மேனேஜரிடம், போய்ச் சொன்னேன். முழுதும். கதவைச் சாத்தச் சொன்னார். கோபப்படவில்லை.

"அந்தம்மாளுக்கு மட்டும் சத்தமில்லாம சரி பண்ணிக் குடுத்தரலாமுங்களே?"

"மத்தவங்க சார்?"

"மத்தவங்களுக்கும்னா மேலிடத்துக்கு எழுதோணும். ஐடி உங்களுது. பழைய மேனேஜரு நான் சொல்லவே இல்லீங்கன்னு கைய விரிச்சிருவாரு." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த மாசம் உங்களுக்குப் புரமோசன் இண்டர்வியூ வேற."

"தெரியுமுங்க சார்."

"நான் வேண்டாங்கல. யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல மனிதர். அவர் தடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு, "நீயா வேணும்னு பண்ணுனே?" என்றார். ஆறுதலுக்குத்தான்.

9, வெள்ளி

சகாயமேரி பெர்மிஷன் போட்டு வந்தார். தலையில் துணித் துணுக்கு ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாமா என்று கை போய்த் திரும்பியது.

உட்கார வைத்துச் சொன்னேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, கேட்டதாகக் கணினியில் போட்டது நான்.

கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகன் படத்தையே பார்த்தார்.

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேம்லா மேடம். ஒரு போன்தான?"

"ஆமாங்க."

"எதுக்கு இந்த வட்டிய ஏத்துதாவ?"

விலைவாசி கட்டுக்குள் நிற்க வேண்டும், அது மத்திய வங்கிக்குச் சட்டம் கொடுத்த வேலை, கடன் விலை ஏறினால் ஜனம் வாங்குவது குறையும், அப்போது விலை தணியும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"நான் என்னத்த வாங்குனேன் மேடம்? ஒரே ஒரு வீடு. அதுவும் முன்னாடியே கட்டியாச்சு. இப்ப எதக் குறைக்க?"

இதற்குப் பதில் இருக்கும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

பழைய தேதியிலேயே முடிய மாதம் எவ்வளவு கூடும் என்று கேட்டார். ஆயிரம் சொச்சம். அறுபதில் முடிய? அதில் பாதி. விரலை மடக்கி ஏதோ போட்டுப் பார்த்தார். மகளின் பஸ் பாஸ், ஞாயிற்றுக்கிழமை பீஸ் ரேட் தையல் கூலி என்று வாய்க்குள் ஓடியது.

"அறுபதுல முடிச்சு வைங்க. அறுபது வரைக்கும் தச்சுருவேன்."

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "என்னைய மாதிரி வேற ஆளுகளுக்கும் இப்படி ஆயிருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை.

"ஆயிருக்குங்க."

"அவியளுக்கும் சொல்லிருங்க. பாவம்லா."

எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டுவார் என்று காலையிலிருந்து தயாராக இருந்தேன்.

12, திங்கள்

காற்று நின்று தூறல். காலை முதல் வேலையாக மேலிடத்துக்கு விளக்கக் கடிதம். ஒன்றரைப் பக்கம். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் 'பணிச்சுமை காரணமாக' என்று வந்தது. அடித்தேன். தங்கவேல் சார் படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார். போடத் தேவையில்லாத இடம் அது.

இரண்டு மணிக்கு வட்டார அலுவலகத்திலிருந்து போன். பெயர், பணி எண், எந்தத் தேதி. எழுதிக்கொண்டார்கள். மெமோ வரும். இந்த வருட இண்டர்வியூப் பட்டியலில் என் பெயர் இருக்காது. எல்லாக் கணக்குக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்டு எழுத்தில் வாங்க ஒரு மாதம் கெடு.

பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் கொஞ்சம் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைச் சாத்தினார், சாரல் என்று நினைத்து.

14, புதன்

மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்திட்டேன்.

பட்டியலை அச்செடுத்து, இன்றிலிருந்து தினமும் ஆறு பேர் என்று கணக்கு. முதல் பெயர் சோமனூர்க்காரர். வீட்டிலேயே விசைத்தறி. போனில் ஒரே தறிச் சத்தம்.

பேங்க் என்றதும் பதறினார். "தவணை கட்டிப் போட்டனுங்களே?"

அதற்கில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். பாதி காதில் விழவில்லை.

"அட நீங்களே பாத்து எதையாச்சும் போட்டுருங்க மேடம். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"இல்லீங்க, நீங்கதான் சொல்லோணும்."

"நாங்களா?"

"ஆமாங்க. உங்க கடனுங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தான்."

அவர் வாயைப் போனிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, உரக்க:

"சாந்தி, அந்தத் தறியக் கொஞ்சம் நிறுத்து. பேங்க்குல நம்மள என்னமோ கேக்கறாங்க."

தறி நின்றது. முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.