எரர்3-க்குப் பெயர் வைத்தேன்

ஜூன் 9, திங்கள்

அக்கா ஒத்திகையிலிருந்து வந்து பையைச் சோபாவில் வீசினாள். வரும் பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு வானொலியில் நேரலைச் செய்தி வாசிக்கப் போகிறாள். முதல் வாய்ப்பு. அவளுக்குக் கண் தெரியாது, செய்தியை விரலால்தான் படிப்பாள். லேப்டாப்போடு இணைத்த பிரெயில் பலகையில் வரிவரியாகப் புள்ளிகள் எழும். இன்று அதன் கேபிள் கழன்றுவிட்டது. திரும்பச் செருகினால் போதும், ஆனால் லேப்டாப்பே உறைந்து நின்றுவிட்டதாம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்" என்றாராம் தயாரிப்பாளர்.

அந்தப் பலகையைக் கணினியோடு சேர்ந்து இயங்க வைக்கும் டிரைவர் நிரலை எழுதியவள் நான். கணினியை ஆளும் மையமான கெர்னலுக்குள் ஓடுகிற நிரல் அது, தடுக்கி விழுந்தால் மொத்தக் கணினியையும் இழுத்துக்கொண்டுதான் விழும். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 10

கேபிளை நாற்பது தடவை பிடுங்கினேன். ஆறு தடவை உறைந்தது. மற்ற நேரம் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருக்கிறது, சனியன்.

ஜூன் 12

பலகையின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, கெர்னல் குழுவுக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். இப்போது நாற்பதுக்கு இரண்டு தடவைதான் உறைகிறது. கெர்னலில் நாங்கள் எழுதும் பகுதிக்கு வரும் திருத்தங்களைப் பார்த்து ஏற்பவரை நாங்கள் கத்திரி என்போம், முகம் பார்த்ததில்லை. அவரிடமிருந்து பதில்: "உங்கள் நிரலில் எரர்3 என்ன செய்கிறது? பெயரைப் பார்த்தால் தெரியவில்லை. பெயர்களை மாற்றி அனுப்புங்கள்."

வீடு பத்தி எரியுது, இந்த மனுஷன் வாசல்ல பேர்ப்பலகை மாட்டச் சொல்றாரு!

ஜூன் 13

கடுப்போடுதான் உட்கார்ந்தேன். வேறு யாரும் பலகையைத் தொடாதபடி பூட்டு, கணினி நினைவகத்தில் இடம் எடு, வரியை அனுப்பு – என் நிரல் செய்வது இவ்வளவுதான். நடுவில் ஏதாவது தவறினால் செய்ததையெல்லாம் தலைகீழாக அவிழ்க்க வேண்டும், சாக்ஸுக்கு முன்னால் ஷூவைக் கழற்றுகிற மாதிரி. தவறினால் நிரல் எங்கே குதிப்பது என்பதற்கு நான் வைத்திருந்த பெயர்கள்தான் எரர்1, எரர்2, எரர்3.

எரர்1 பூட்டைத் திறக்கிறது. 'பூட்டைத் திற' என்று பெயர் வைத்தேன். எரர்2, 'நினைவக இடத்தை விடு'. அது முடிந்ததும் தானாக எரர்1-க்குப் போய்விடும். எரர்3 ஒரு வருஷம் கழித்து அவசரமாகச் சேர்த்தது. வரியை அனுப்பும்போதே கேபிள் கழன்றால் அங்கே வரும். அது பாதி போன வரியை அழிக்கிறது, நினைவக இடத்தை விடுகிறது, அப்புறம்… அப்புறம் என்ன? கிளம்பிவிடுகிறது! பூட்டை யார் திறப்பது?

யாருமில்லை. மூன்று என்றால் இரண்டும் ஒன்றும் பின்னால் வரும் என்று இத்தனை நாளும் நானே நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே பூட்டியது பூட்டியபடி இருக்க, அடுத்து வந்த வேலையெல்லாம் வாசலில் நின்றே உயிரை விட்டிருக்கிறது. எரர்3-க்கு 'பாதி வரியை அழி' என்று பெயர் வைத்து, அது முடிந்ததும் மற்ற இரண்டும் வரிசையாக நடக்கும்படி மாற்றினேன்.

நான் போட்ட கூச்சலில் அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அவளைப் பிடித்துச் சுற்றினேன். ரெண்டு பேருக்கும் தலை சுற்றியது.

ஜூன் 14

திருத்திய நிரலை அக்காவின் லேப்டாப்பில் ஏற்றினேன். இருநூறு தடவை பிடுங்கியது அவள்தான், சத்தமாக எண்ணிக்கொண்டே. ஒரு தடவைகூட உறையவில்லை. "இன்னும் பிடுங்கட்டுமா?" என்றாள். கேபிள் பாவம் என்று நிறுத்தினேன்.

புதிய பெயர்களோடு திருத்தத்தை அனுப்பினேன். திட்டியதற்கு மனசுக்குள் ஒரு மன்னிப்பும். கத்திரியின் பதில்: "ஏற்றுக்கொண்டேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியது இனித் தேவையில்லைதானே?"

தேவையில்லை ஐயா, தேவையே இல்லை.

ஜூன் 18

ஆறரைக்கே ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அக்கா குரலா அது! முதல் செய்தி, இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. என் உயிர் என்னிடம் இல்லை. நாலாவது செய்தி தொடங்கியது.

மத்தியானம் வந்தவளிடம், மூச்சு வாங்கத்தானே நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"மூச்சாவது ஒண்ணாவது. கேபிள் கழண்டுடுச்சுடி. எடுத்துச் செருகினேன், விட்ட வரி அப்படியே வந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே சாப்பாடு கேட்டாள்.

ஜூலை 2

தினமும் ஏழு மணிச் செய்தி இப்போது அக்காதான். இன்றைக்குக் கேட்கவில்லை. எட்டரை வரை நன்றாகத் தூங்கிவிட்டேன்.