பிரிட்ஜுக்குள் சாவி

கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தாமே வாசித்து முதல் ராக் ஆல்பம் தயாரிக்கும் ஐயா அவர்களுக்கு,

உங்கள் மனைவி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நேரில் சொல்லலாமென்றால், அவள் வாயைத் திறந்தாலே "ஷ்ஷ்! டேக் போயிட்டிருக்கு" என்று கையைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் இந்தச் சீட்டு.

பிரிட்ஜின் இரைச்சல் மைக்கில் விழுகிறதென்று அதை அணைக்கிறீர்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வைக்கிறீர்கள். "வெளிய போறப்ப சாவியைத் தேடுவேன்ல, ஞாபகம் வந்துடும்" என்று பெருமை வேறு. நல்ல யோசனைதான், வெளியே போகிற ஆளுக்கு. நீங்கள் வாசற்படி தாண்டிப் பதினொரு நாளாகிறது.

உங்கள் மனைவி இரண்டு நாள் தன் அக்கா வீட்டில் இருந்துவிட்டு நேற்று வந்து பிரிட்ஜைத் திறந்தால், உங்களுக்கென்று அவள் சமைத்து வைத்துவிட்டுப் போன மீன் நாறுகிறது. நீங்கள் பிஸ்கட்டிலேயே ஓட்டியிருக்கிறீர்கள். அவள் போட்ட கூச்சலுக்கு உங்கள் பதில்: "போச்சு! பன்னெண்டு நிமிஷ டேக் கெட்டுப்போச்சு."

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. ரசம் சின்னப் பாத்திரத்தில். நாலு மணிக்கு உங்கள் அம்மா வருகிறார். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள், மாட்டிவிடுங்கள்.

பி.கு: மூன்றாவது பாடலில் டிரம்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று: பிரிட்ஜைக் கழுவிவிட்டாள். இனி தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போக உள்ளே ஒன்றுமில்லை. உங்கள் சாவி மேல்தட்டில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது அவளுடையது, இனி அவளுக்குத் தேவைப்படாது.