சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு படம்

அன்பு மகளுக்கு,

உன்னையும் உன் தம்பியையும் தூக்கி வளர்த்த, ஏழு கண்டமும் புகழும் உன் பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் புது வீடும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், இருக்காமல் என்ன.

ஆட்டிசம் உள்ளவர்களின் ஓவியக் கண்காட்சி நகராட்சி மண்டபத்தில் நடந்ததே, அதில் உன் தம்பி ஊரையே உரித்துத் தொங்கவிட்டான். அவன்தான் யாருக்கும் முகம் வரையமாட்டானே, ஒருவரிடம் அவன் கண்ணில் முதலில் படுவது எதுவோ அதுதான் அவர். என்னை இரண்டு மூக்குத் துவாரமாக வரைந்திருந்தான், ஒவ்வொன்றிலும் ஒரு லாரி நுழைந்து திரும்பலாம், பார்த்தவர்கள் எல்லாம் விசாரிக்காமலே என் பக்கம் திரும்பினார்கள். கண்காட்சி நடத்திய அம்மாள் இருபத்தெட்டு வயது ஆளான அவன் கன்னத்தைக் கிள்ளி, செல்லக்குட்டிக்குச் சாக்லேட் வேணுமா என்றாள். அங்கேயே உட்கார்ந்து அவளை வரைந்து கொடுத்தான்: திறந்த வாய், காதே இல்லை. அதற்கும் எவ்வளவு அழகு என்று கைதட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் மண்டபத்து மின்விசிறி நின்றுவிட்டது.

ஆனால் அந்த அம்மாளையே நீ தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். போன வாரம் போனில் என்ன சொன்னாய்? சோபாவுக்கு மேலே மாட்ட மூணடியில என்னை வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க பெரியப்பா, என் தம்பி ஆட்டிச ஓவியன்னு வர்றவங்ககிட்ட பெருமையா சொல்லிக்குவேன், ஆனா புது வீட்டு விருந்துக்கு அவனைக் கூட்டிட்டு வந்துடாதீங்க, சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு சோபாவுக்குப் பின்னாடி உட்கார்ந்துக்குவான், மாமியார் முன்னாடி மானம் போயிடும் என்றாய். பெரியப்பாவுக்குக் காது மந்தம், இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் அலறும் என்பதை மறந்துவிட்டாயே மகளே. எதிர் நாற்காலியில் அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். நீ போனை வைத்ததும், மூணடின்னா அகலமா உயரமா என்று மட்டும் கேட்டான்.

படம் பார்சலில் வருகிறது. வெறும் கறுப்புப் புள்ளிகள்தானே என்று முகம் சுளிக்காதே. சின்ன வயதில் உன்னை ஒரு சுண்டுவிரலாக வரைந்தான், சாலை கடக்கும்போது அவன் பிடித்துக்கொள்வது அதைத்தான். இப்போது அவனுக்கு நீ, போனில் குரல் வரும் அந்த ஓட்டைகள். உள்ளே அடைந்திருக்கும் தூசி முதற்கொண்டு அச்சு அசல். விருந்தாளிகளிடம் இதுதான் நான் என்று சொல். தம்பியின் பார்வை எவ்வளவு புதுமை என்று கைதட்டட்டும்.

இன்னொன்று. விருந்துக்குத்தானே வரக்கூடாது என்றாய், அப்படியென்றால் மறுநாள் போகலாம் என்று பையில் சட்டைகளை அடுக்கிவிட்டான். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டாமாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசினால் அவனால் வந்து பார்க்க முடியாதாம்.

நூறு வயது வரை, அந்த மாமியாரோடேயே, சேர்ந்து வாழ்வாயாக. மறுநாளும் வேண்டாம் என்றால் மறக்காமல் போன் செய்து நீயே சொல்லிவிடு. ஸ்பீக்கர் போட்டே வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் இரண்டு மூக்குத் துவாரம்