கடைசியாகப் பார்த்தபடி

மார்ச் 2, ஞாயிறு

மகன் காலையிலேயே லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிவிட்டான். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் நடுவழியில் நிற்கும். நாலு மணிக்குப் பேத்தி டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவோடு சாய்த்து வைத்தாள். டேப்லெட் வழியாக எங்கள் ஆட்டக்காரர் கூட்டம் ஆரம்பம்.

‘தூரத்துச் சூரியன்’ விண்வெளி ஆட்டத்தின் இரண்டாம் பாகம் ஜூனில் வருகிறதாம். முதல் பாகத்தை இரண்டு வருடமாக ஆடுகிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்துக் கிடந்தபோது பேத்தி பழக்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான் நான். ஆனால் என் கிரகத்தை இதுவரை ஒருவரும் பிடித்ததில்லை. இதை எழுதி வைக்க எனக்கென்ன வெட்கம்?

கூட்டத்தில் யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது. வாத்தியார் என்பவர் தன் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். முயல் ஒரு பெண். ஆட்டம் தொடங்கியதும் இருக்கிற கப்பலையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிப்போய் மாட்டிக்கொள்வாள். எனக்குக் ‘கோட்டை’ என்று பெயர்.

“பாட்டி, ரெண்டாம் பாகத்துலயாவது வெளியே வந்து சண்டை போடுவீங்களா?” என்றாள் முயல்.

“நீ செத்தப்புறம் வந்து உன் கப்பலைப் பொறுக்கிக்கறேன்டி.”

வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதிதாக ஒன்று சேர்க்கிறார்களாம். இருட்டு. பக்கத்தில் நம் வேவுக் கப்பல் இல்லாத கிரகமெல்லாம் இருண்டுவிடும். இத்தனை நாள் வானம் முழுக்க விளக்குப் போட்ட மாதிரி தெரிந்தது. இனிமேல் இல்லை.

திரை நடுவில் ஏதோ அழுக்கு. முந்தானையால் துடைத்தேன். போகவில்லை.

மார்ச் 5, புதன்

அழுக்கு டேப்லெட்டில் இல்லை.

மார்ச் 12, புதன்

கண் டாக்டரம்மா கட்டம் போட்ட காகிதம் ஒன்றை நீட்டினாள். நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். எந்தப் புள்ளி? சுற்றிலும் கட்டம் இருந்தது, வளைந்து நெளிந்து. நடுவில் யாரோ விரலால் தேய்த்து அழித்த மாதிரி.

“போனது போனதுதாம்மா. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்.”

கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம். மாதா மாதம். சரி என்றேன். வேறென்ன சொல்ல? பேத்தி என் கையைப் பிடித்தாள். “எவ்வளவு தெரியுது பாட்டி?” என்றாள்.

“எல்லாம் தெரியுது. லேசா ஒரு மங்கல், அவ்வளவுதான். ஊரைக் கூட்டாதே.”

மார்ச் 16, ஞாயிறு

இன்று நல்ல சண்டை. ஆட்டத்தைச் செய்கிற கம்பெனிக்காரர்கள் எங்களை மாதிரி ஆட்களிடமே கேட்டிருக்கிறார்கள் — இருட்டு எப்படி இருக்கவேண்டும்? ஒன்று, வேவுக் கப்பல் நகர்ந்ததும் அந்த இடம் ஒரேயடியாகக் கறுத்துப்போவது. இன்னொன்று, கடைசியாகப் பார்த்தபடியே மங்கலாக நிற்பது.

முயல் முதல் கட்சி. பயமாக இருந்தால்தான் சுவாரஸ்யமாம். நான் இரண்டாவது.

“அம்மா, பழைய படத்தை நம்பிக் கப்பலை அனுப்பினா அங்க எதிரி குடித்தனம் நடத்திட்டிருப்பான்” என்றார் வாத்தியார். “இருட்டுன்னா ஜாக்கிரதையா இருப்போம். பழைய படம் இருந்தா தெரியுதுன்னு நினைச்சு ஏமாறுவோம்.”

“ஒண்ணுமே தெரியாம முழிக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். ஒரு தடவை பார்த்ததை எங்கிட்டேருந்து பிடுங்க இவனுங்க யாரு?”

மேஜையைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. டேப்லெட் குப்புற விழுந்தது. பேத்தி எடுத்து நிமிர்த்தினாள்.

ஆடுகிறவர்கள் எல்லாரிடமும் கம்பெனி நடத்திய வாக்கெடுப்பில் என் கட்சிதான் ஜெயித்தது. ஏன் அவ்வளவு சத்தம் போட்டேன்? எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பேத்தி லேபிலிருந்து சீக்கிரம் வந்தாள். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவள், இன்று என்னவோ உற்சாகம். நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“எப்படி இருக்கு பாட்டி?”

மஞ்சள் தெரிந்தது. புதுச் சட்டை.

“ரொம்ப எடுப்பா இருக்கு. உனக்குன்னே செஞ்ச மாதிரி.”

“நெஜமாவா? எனக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு.”

“என்ன கூச்சம்? தலையை நிமிர்த்திட்டுப் போ.”

சந்தோஷமாக உள்ளே போனாள். என் பேத்தி அழகி. இதைச் சொல்லக் கண் வேண்டுமா என்ன?

ஏப்ரல் 13, ஞாயிறு

தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஜூன் இல்லையாம், வருடக் கடைசியாம். “இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, பொறுமை காக்கும் ரசிகர்களுக்கு நன்றி” என்று அறிவிப்பு. பேத்தி வாசித்துக் காட்டினாள்.

முயல் கத்தித் தீர்த்தாள். வாத்தியார், “நல்லா வந்தா சரி, எங்க ஓடிப்போகப் போகுது” என்றார்.

ஆட்டம் ஓடிப்போகாது. யாரிடம் போய்ச் சொல்வது — என் கண்ணுக்கு வருடக் கடைசி வரை பொறுமை இல்லை, கொஞ்சம் சீக்கிரம் மெருகேற்றுங்கள் ஐயா என்றா?

மே 7, புதன்

மூன்றாவது ஊசி. ஒரு வித்தியாசமும் இல்லை. தடித்த பேனா வாங்கிவரச் சொன்னேன். வரி மேல் வரி ஏறுகிறது.

ஜூன் 1, ஞாயிறு

மானம் போயிற்று. பழைய ஆட்டத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பயிற்சி. நான் கப்பல்களை வாத்தியாருக்குத் துணையாக அனுப்பவேண்டும். அனுப்பினேன். நேரே போய் எரிகிற சூரியனுக்குள் விழுந்தன, அத்தனையும்.

“பாட்டி! என்ன பண்ணிட்டீங்க?”

“எதிரி குழம்பட்டும்னுதான்.”

“எதிரி குழம்பல பாட்டி, விழுந்து விழுந்து சிரிக்கிறான்!”

நானும் சிரித்தேன். கிரகம் எது, சூரியன் எது என்று தெரியவில்லை, அய்யோ, தெரியலையே எனக்கு. எதைப் பார்க்கிறேனோ அதுதான் காணாமல் போகிறது. பார்க்காததெல்லாம் ஓரத்தில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

ஜூன் 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து எப்போதும் மகன்தான் போடுவான். இன்று எங்கோ லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டது என்று ஓடிவிட்டான். பேத்தி போட்டாள். நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தேன், குனிந்து போட்டுவிட்டு, “எரியுதா பாட்டி?” என்றாள். கன்னத்தைத் தடவலாம் என்று கையைத் தூக்கினேன். விரல் எதிலோ இடித்தது. கெட்டியாக, சில்லென்று.

கண்ணாடி.

“இது எப்போ போட்டே?”

மெதுவாக, “ஏப்ரல்லயே பாட்டி. உங்ககிட்டதான் முதல்ல காட்டினேன். எடுப்பா இருக்குன்னு சொன்னீங்களே” என்றாள்.

மஞ்சள் சட்டை.

இத்தனை நாளாகத் தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பார்த்ததாக நினைத்திருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் பழைய முகம். வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார்.

“உனக்கும் என் கண் வியாதியாடி?” என்றேன்.

“சேச்சே. நாள் பூரா மைக்ராஸ்கோப்ல பார்க்கிறேன்ல, அதனால. சாதாரணப் பவர்தான்.”

முகத்தைப் பார்த்தே பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவேன். முன்பெல்லாம்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள். நான் என்ன செய்ய முடியும்? என் கண்ணைத் தோண்டிக் கொடுத்தாலும் அவளுக்கு உதவாது.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நடுவில் ஒன்றும் தெரியவில்லை, சூரியனில் கப்பலை விட்டது தந்திரம் இல்லை என்று. ஒருவரும் “ஐயோ பாவம்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

“கடைசியாப் பார்த்தபடி நிக்கட்டும்னு நான் கேட்டது சரிதான். ஆனா அதுல ஒண்ணு விட்டுப்போச்சு” என்றேன். “எப்போ பார்த்ததுன்னு அந்தப் படத்துமேலயே தேதி போடணும். அப்பத்தான் எவ்வளவு நம்பலாம்னு தெரியும்.”

வாத்தியார் குறித்துக்கொண்டார். “எழுதி அனுப்பறேம்மா.” அனுப்பினார். உடனே பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, இயந்திரம் அனுப்பும் பதில் இது என்று.

எல்லாரும் கிளம்பும்போது முயல், “பாட்டி, ரெண்டாம் பாகத்துல நான் சண்டைக்குப் போகல. உங்க கிரகத்துப் பக்கத்துல வேவுக் கப்பலா நிக்கறேன். என்ன தெரியுதுன்னு சொல்லிட்டே இருக்கேன்” என்றாள்.

“நீ ஒரு இடத்துல நிக்கற ஆளாடி?”

“பார்க்கலாம்.”

வருடக் கடைசிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

பேத்தி வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நிற்க வைத்தேன். நேரே பார்த்தால் முகம் போய்விடுகிறது. அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன்.

“என்ன பாட்டி, திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க?”

“ஆடாம நில்லு.”

விளிம்பில்லாத கண்ணாடி. காதுக்குப் போகிற கம்பி நீலம். மூக்கில் கொஞ்சம் இறங்கி நிற்கிறது, அடிக்கடி தள்ளிவிடுகிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. என் பழைய படத்தில் அது இல்லை. பஸ் போய்விடும் என்கிறாள், ஆனால் நகரவில்லை.

கடைசியாகப் பார்த்தது: ஜூன் 16.