ஸ்வாதி மைக் வாங்கிச் சொன்னது

சுந்தரபாண்டியபுரம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் சுபாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி ஸ்வாதியும் நல்ல சுகம், அங்கே பட்டாளத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முப்பிடாதி அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் ஸ்வாதி பேச்சை எடுத்தாலே டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தால் மீதி உன்னை உறுத்தும் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் சாரல் நன்றாக இறங்கியிருக்கிறது, அப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. அருவியில் நிற்கிறவர்களை வெளியே வரச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டில் சைகையில்தான் பேசுகிறார், எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சிலிங்கில் கிடைத்த இன்ஜினியரிங் சீட்டை ஸ்வாதி விட்டுவிட்டாள். சென்னையில் பி.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்திருக்கிறாள். ஆக்சுவரி ஆக வேண்டுமாம், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி எந்த ஆபத்துக்கு எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், நாளைக்குக் கொடுக்க எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆக்சுவரி ஆவதற்கான பரீட்சைகளை எழுதக் கூடாதா என்று நீ கேட்டாயே, எழுதலாமாம், அவள் மறுக்கவில்லை. ஆனால் முதலில் வருகிற பரீட்சைகளுக்கு வேண்டிய பாடம் புள்ளியியலிலேயே நிறைய இருக்கிறதாம், காலேஜுக்கு ஒன்று பரீட்சைக்கு ஒன்று என்று இரண்டு சுமை எதற்கு என்கிறாள். ஆக்சுவரி பேரிலேயே ஒரு டிகிரி இருக்கிறது, அதையும் விசாரித்தாள். பரீட்சை எல்லாம் முடிய வருஷக்கணக்கில் ஆகும், நடுவில் வேறு வேலைக்குப் போக வேண்டி வந்தாலும் புள்ளியியல் கை கொடுக்கும் என்று அவளுடைய கணக்கு டீச்சர் நூருன்னிசாவும் சொல்ல, இதையே பிடித்துக்கொண்டாள். நம் வீட்டில் இப்படி நாலு பக்கமும் யோசிக்க ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை, உன் கோபத்துக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வில்லுப்பாட்டு நடுவில் நன்கொடை கொடுத்தவர்கள் பேரை வாசிப்பார்களே, அதில் சங்கரபாண்டி மாமா நம் வீட்டுப் பேரோடு இன்ஜினியர் ஸ்வாதி என்று சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்காதவளுக்குப் பட்டம். இவள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நேரே போய்ப் பாட்டுக்காரரிடம் மைக்கை வாங்கி, நான் இன்ஜினியரிங் படிக்கவில்லை, ஆக்சுவரி ஆகப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் வீடு வீடாகப் போய் பாலிசி பிடிக்கிற வேலையா என்று மாமா கீழே இருந்து கேட்க, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவள் அசரவில்லை. "இல்ல மாமா, குத்தாலத்துல நாளைக்கு யாரு வழுக்கி விழுவான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒரு சீசனுக்கு எத்தன பேரு விழுவாங்கன்னு பழைய கணக்க வச்சுச் சொல்லலாம். அந்தக் கணக்கு சரியா இருந்தாத்தான் விழுந்தவன் வீட்டுக்குப் பணம் போய்ச் சேரும். நான் அதத்தான் படிக்கப் போறேன்" என்றாள். லீவு போட்டு வந்திருந்த உங்கப்பா எழுந்து நின்று கை தட்டினார், பிறகு கூட்டமே தட்டியது, எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்து, ஜோசியரிடம் கேட்கிற மாதிரி தன் ஆயுசு எவ்வளவு என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊர் முன்னால் அப்படிப் பேசியவள், வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜினியரிங் சேராவிட்டால் என்னோடு பேசாதே என்று சொன்னாயாமே. தங்கச்சி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாய், அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றபோது நான் சாப்பிடாமல் கிடந்தேன், அப்பா உன்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அண்ணனுக்குப் பிடித்திருக்கிறது, போகட்டும் விடுங்கள் என்று இந்த வீட்டில் சொன்னது அவள் ஒருத்திதான், அப்போது அவள் ஆறாம் வகுப்பு.

குளிரில் ஸ்வெட்டர் போடாமல் நிற்காதே. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்வாதி தென்காசியில் ரயில் ஏறுகிறாள். அதற்குள் கூப்பிடு. என்னை அல்ல, அவளை.

உன் அம்மா,
நிர்மலாதேவி