பூஜ்யம் போட்ட மூன்று வாரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. மேற்குக் காற்று. எங்கள் வீட்டில் இன்று நாற்றத்துக்கு எண்: 3.

கல்லூரியில் இறுதி மதிப்பீடு 12-ஆம் தேதி. பத்து நாள்.

மேடத்திடம் சொல்ல வேண்டியது, ஒத்திகை:

திருவொற்றியூரில் எங்கள் தெரு. கடல் பக்கம் தொடங்கிக் கால்வாய்ப் பக்கம் முடியும். பன்னிரண்டு வீடுகள் வாட்ஸாப் குழுவில். மணலித் திசையில் இருக்கும் கம்பெனியிலிருந்து கேஸ் நாற்றம் வருகிறதா என்று காலையும் மாலையும் ஒவ்வொரு வீடும் ஓர் எண் போடும். இல்லையென்றால் 0. தாங்க முடியாவிட்டால் 5. நான் எழுதிய கம்ப்யூட்டர் கோட் அந்த எண்களை எடுத்துப் படமாக்கும். வீட்டுக்கு ஒரு நூல். நாற்றம் கூடினால் நூல் தடித்துக் கறுக்கும், நடுங்கும். குறைந்தால் மெலிந்து வெளுக்கும். நான்கு மாதத்து நாற்றம் ஒரே திரையில்.

சொல்லிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம். மூச்சு வாங்காமல் சொன்னால்.

செய்ய வேண்டியவை: பிரிண்ட். நடுக்கத்தைக் குறைக்க வேண்டும் (தலை சுற்றுகிறது என்றார் அப்பா). எழுத்துரு. கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும், காது வலிக்கிறது.

செப். 4, வியாழன்

மேடத்துக்குப் படம் பிடித்துவிட்டது! இரண்டு வருடத்தில் முதல் முறை.

திரையின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். கடைசி மூன்று வாரம் அங்கேதான் இருக்கிறது. அதுவரை கறுத்துத் திணறிய படம் அங்கே வந்ததும் வெளுக்கிறது.

"இதுதான் உன் கதை, ஜெனிபா. அவ்வளவு இருட்டுக்கு அப்புறம் இந்த வெள்ளை. படம் மூச்சு விடுது."

ஏன் வெளுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே ஸ்டேட்டஸில் போட்டேன். ராயபுரம் தாண்டுவதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

தாஸ் அண்ணன் போன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் தெரு சங்கத்துக்குச் செயலாளர். "இன்னாம்மா, சோக்கா கீது படம். சனிக்கெழம மீட்டிங்ல காட்டலாமா? கம்பெனிக்காரரு வராரு. தெரு முனைல காத்த அளக்குற பொட்டி வெக்கச் சொல்லி கேக்கப் போறோம்."

காட்டுங்கள் அண்ணா என்று சொல்லிப் படத்தை அனுப்பிவிட்டேன். பெருமையாக இருந்தது. எழுதவே கூச்சம்.

செப். 6, சனி

பகல் முழுக்க வகுப்பு. மீட்டிங்குக்குப் போகவில்லை. மாலை வீடு திரும்பும்போது தாஸ் அண்ணன் எங்கள் மளிகைக் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அப்பா அவருக்கு சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிசத்துல முடிஞ்சிபோச்சிம்மா."

கம்பெனிக்காரர் என் படத்தை போனில் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். உங்கள் தெருப் பெண்ணே போட்டிருக்கிறது, மூன்று வாரமாக நாற்றம் குறைந்திருக்கிறது, நாங்கள் சரிசெய்ததுதான் காரணம், இனி பெட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறார். டீ கொடுத்துக் கலைந்துவிட்டார்கள்.

"மெய்யாலுமே கம்மியாச்சாம்மா?" என்றார் தாஸ் அண்ணன். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எனுக்கு ஒண்ணும் கம்மியான மாதிரி தெர்ல. அப்பறம் நென்ச்சேன், கம்பியூட்டர் சொன்னா கரீட்டாதான் இருக்கும்னு."

எங்கள் வீட்டு எண்களைப் பார்த்தேன். கடைசி மூன்று வாரம்: 3, 2, 3, 3, 4, 2, இப்படியே. அதற்கு முந்தைய மாதமும் அதேதான்.

எங்கள் வீட்டில் குறையவில்லை. பிறகு எப்படி வெளுத்தது?

செப். 7, ஞாயிறு

கோவிலில் பாதிரியார் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. வந்தவுடன் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தேன்.

என் கம்ப்யூட்டர் கோடில் ஒரு வரி. மே மாதம் நானே எழுதியது. யாராவது எண் போடாவிட்டால் புரோகிராம் நின்றுவிடும். அதனால், எண் இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அவ்வளவுதான். அப்போது அவசரம். பிறகு மறந்தே போனது.

கால்வாய்ப் பக்கத்துக் கடைசி மூன்று வீடுகளும் மூன்று வாரமாக எண்ணே போடவில்லை. தெருவிலேயே அதிக நாற்றம் அங்கேதான். எப்போதும் 4, 5 போடுகிறவர்கள். படத்தின் கறுப்பே அவர்களுடையதுதான். அவர்கள் பேசாமல் இருந்ததை நாற்றமே இல்லை என்று வரைந்துவிட்டேன். அந்த வெள்ளையைத்தான் ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்.

ஓடினேன். பத்தாவது வீடு: போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். பதினொன்றாவது வீட்டுத் தாத்தா: "தெனம் அஞ்சி அஞ்சின்னு போட்டுகினே இருக்கணுமா? அத்த பாத்து எவன் இன்னா செஞ்சான்? போரட்ச்சிபோச்சி, வுட்டுட்டேன்." பன்னிரண்டாவது வீடு, கலா அக்காவுடையது. பூட்டு.

கலா அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். புருஷன் விசைப்படகில் போகிறவர். ஆறு வயதில் ஒரு பெண், மதி. மூன்று வாரத்துக்கு முன்புவரை ஒரு வேளைகூட எண் போடத் தவறாதவர் அவர்தான். மூன்று வாரம் அவரைக் காணவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பட்டியலில் ஓர் இடம் காலி. அதை நிரப்பிவிட்டுப் போய்விட்டேன்.

தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றது பக்கத்து வீடு. புளியந்தோப்பு. இரண்டு பஸ். ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. மதி பாயில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

மதிக்கு மூச்சுத் திணறல் வந்ததாம். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகாதே என்று சொல்லியிருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கலா அக்கா சொன்னது:

"ஜெனி, கோச்சுக்காத கண்ணு. நம்பரு போட முடியாமப் போச்சி. உன் படிப்பு வீணாப் போச்சா?"

அழக்கூடாது என்று மதியின் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை, மீட்டிங், கம்பெனிக்காரர். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்த நாளெல்லாம், காத்து சுத்தமா இருந்துச்சின்னு போட்டுக்கினியா?"

"ஆமாங்க்கா."

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் தேய்க்கிற சத்தம். வெகுநேரம். நான் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து டம்ளரில் டீயை வைத்தார்.

"மாத்திப் போடு. பாப்பா பேரு போடாத. ஆஸ்பத்திரின்னு போடு."

செப். 8, திங்கள்

மழைத் தூறல், பத்து நிமிடம்.

காலியை எப்படி வரைவது?

சாம்பல் நிறம்: லேசான நாற்றம் மாதிரித் தெரிகிறது. பொய்.
புள்ளிக்கோடு: அழகு. சாலைக் குறி மாதிரி. பொய்.
முன்பின் எண்களை வைத்து ஊகித்து நிரப்புவது: 4 என்று வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்ல?
நூலை அறுத்துவிடுவது.

அறுத்தேன். கடைசி எண் போட்ட நாளில் நூல் அறுந்து தொங்குகிறது. பிறகு ஒன்றுமில்லை, பின்னணியின் பழுப்பு மட்டும். அறுந்த இடத்தில் சிறிய எழுத்தில்: போன் பழுது. போதும் என்று விட்டார். ஆஸ்பத்திரி.

படம் அசிங்கமாக இருக்கிறது. எலி கடித்த பாவாடை போல.

செப். 9, செவ்வாய்

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பழசுல இருந்த பலம் இதுல இல்லையே. பழசையே வை. கீழே ஒரு குறிப்பு போட்டுடு, சில எண்கள் கிடைக்கவில்லைன்னு. மதிப்பீட்டுக்கு மூணு நாள்தான் இருக்கு."

தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை.

மாலை தெரியாத எண்ணிலிருந்து போன். கம்பெனிக்காரர். என் நம்பரைத் தாஸ் அண்ணனிடம் வாங்கியிருக்கிறார். குரலில் அவ்வளவு கனிவு. கம்பெனி வெளியிடும் புத்தகத்தில் என் படத்தைப் போடப் போகிறார்களாம், நல்ல தெளிவான பிரதி வேண்டுமாம். அதில் ஒரு தவறு இருக்கிறது சார், திருத்தியதை அனுப்புகிறேன் என்றேன்.

"பரவால்லம்மா, பழசே போதும். அதுதான் அழகா இருக்கு."



செப். 10, புதன்

அப்பாவிடம் சொல்லத்தான் பயம். அந்தக் கம்பெனி கேன்டீனுக்கு அரிசி, பருப்பு எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. சாத்தான்குளத்திலிருந்து இங்கே வந்து கடை போட்டு, ஐந்து வருடம் நடையாக நடந்து அப்பா பிடித்த ஆர்டர்.

மதியம் கடையில் ஆள் இல்லாதபோது சொன்னேன். நாளை வார்டு ஆபீஸில் மனு வாங்கும் நாள், கம்பெனிக்காரரும் வருவார், அங்கே போய்ப் படம் தப்பு என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

அப்பா துவரம்பருப்பு மூட்டையின் வாயைக் கட்டினார். அவிழ்த்தார். திரும்பக் கட்டினார்.

"தப்பாச் சொன்னது நீதான?"

"ஆமாப்பா."

"அப்ப நீதான் போயிச் சொல்லணும். வேற யாரு சொல்லுவா?"

"கேன்டீன் ஆர்டர்..."

"போனாப் போவுது." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு: "போயிரக் கூடாதுன்னுதான் இருக்கு."

செப். 11, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றி நினைத்துக்கொள்வேன்.

தாஸ் அண்ணன் ஆட்டோவில் கூட்டிப் போனார். ஒரு மணி நேரம் பெஞ்சில். எங்கள் முறை வந்தபோது கம்பெனிக்காரர் ஏற்கெனவே அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். லேப்டாப்பைத் திறந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "நான் போட்ட படம் தப்பு சார்" என்று ஆரம்பித்துவிட்டேன். எப்படியோ அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லி முடித்தேன்.

அதிகாரி சிடுசிடுப்பானவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். பிறகு:

"அப்போ முதல் படம் பொய்யாம்மா?"

"பொய் இல்ல சார். தப்பு."

"முதல்ல தப்பாப் போட்ட நீ, இதை மட்டும் சரியாப் போட்டிருக்கேன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"என்னை நம்ப வேண்டாம் சார்," என்றேன் கடைசியில். "அதுக்குத்தான் பெட்டி கேக்கறோம்."

இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது பின்னால் கலா அக்காவின் குரல். நான் கூப்பிடவில்லை. தாஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். புளியந்தோப்பிலிருந்து மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி ஃபைலை மேசையில் வைத்தார்.

"சார், அந்தப் பொண்ணு கணக்குல காலியா கீதே, அது இதான். தேதிய பாத்துக்கோ."

அதிகாரி தேதிகளைப் பார்த்தார். என் திரையில் நூல் அறுந்த இடத்தையும் பார்த்தார். மனுவில் ஏதோ எழுதினார். "பார்க்கிறோம்" என்றார். ரசீது கொடுத்தார்கள். கம்பெனிக்காரர் எழுந்து போகும்போது, "அப்பா கடைதானே, முனையில?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். சாதாரணமாகத்தானா?

செப். 12, வெள்ளி

மதிப்பீடு. அறுந்த படத்தைத்தான் வைத்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்த நடுவர்களில் ஒருவர், "பார்வைக்கு முடிக்காத வேலை மாதிரி இருக்கு" என்றார். இன்னொருவர் "ஆஸ்பத்திரி" என்ற சொல்லைக் குனிந்து படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

கிடைத்தது பி கிரேடு. கண்காட்சிக்குத் தேர்வாகவில்லை.

கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பசித்தது. இரண்டு சமோசா.

செப். 18, வியாழன்

கேன்டீன் வண்டி வழக்கமாகப் பத்தரைக்கு வரும். இன்று பதினொன்றே கால். அதுவரை அப்பா நான்கு முறை வாசலுக்கு வந்து வெயில் பார்ப்பது போல் பார்த்தார். நானும்தான். வந்துவிட்டது. இந்த வாரம் வந்துவிட்டது.

பழைய படத்தை எங்கெல்லாம் போட்டேனோ அங்கெல்லாம் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று எழுதினேன். கம்பெனிக்காரருக்கும் அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

செப். 24, புதன்

பகல் வெயில். காற்று எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

பத்து மணிக்குத் தெருவில் சத்தம். ஓடிப் போனால், இரண்டு பேர் ஏணி வைத்து, கடல் பக்கத்துக் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும்தானாம். தாஸ் அண்ணன் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்:

"மாமு, நாத்தம் அந்தாண்ட அடிக்குது, பொட்டிய இந்தாண்ட மாட்டினு கீற! இங்க கடலு காத்துதான் வரும்!"

"தெரு முனைன்னுதான் எழுதிக் குட்த்துகீறாங்க. எந்த முனைன்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் ஏணியில் நின்றவர்.

வீட்டுக்கு ஓடி லேப்டாப்பை எடுத்து வந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. தாஸ் அண்ணன் சட்டையைக் கழற்றி மேலே குடையாகப் பிடித்தார். ஏணிக்காரர் இறங்கி வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நூலு நூலா?"

"ஒவ்வொண்ணும் ஒரு வீடுண்ணா. கறுப்பா இருக்கறது நாத்தம்."

விரலால் மேலிருந்து கீழே வந்தார். கடைசியில் நின்றார்.

"இது இன்னா, அறுந்து கீது?"

"கால்வாய் முனை வீடுண்ணா. நாத்தம் அங்கதான் அதிகம். புள்ளைக்கு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

அறுந்த இடத்தில் இருந்த சிறிய எழுத்தைப் படித்தார். பிறகு கூட வந்தவரை ஏறிப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். ஒருவர் ஏணியையும் ஒருவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் முன்னால் நடந்தேன்.